வேலாத்தா பேர் விட்டுப்போன பட்டியல்

ஒரு ஊர்ல ஒரு வீடு. வீடு ஒண்ணு, அடுப்பு ரெண்டு. நடுவுல ஆள் நெஞ்சு உசரத்துக்கு ஒரு மண்சுவர். சுவத்துக்கு இந்தப் பக்கம் வேலாத்தா, அந்தப் பக்கம் மரகதம். அண்ணனைக் கட்டினவ மரகதம், தம்பியைக் கட்டினவ வேலாத்தா. ரெண்டு பேரும் ஓரகத்திங்க. கேக்குறியா கண்ணு? கேட்டா ம் கொட்டு. ம் இல்லேன்னா எனக்குக் கதை ஓடாது.

ம்.

இந்த வேலாத்தாளுக்கு ஆட்டு யாவாரம். ஆட்டுச் சந்தையில வெலையை வாயில சொல்ல மாட்டாங்க, தெரியுமா? கைமேல துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, உள்ளுக்குள்ள ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடிச்சு அமுக்குவாங்க. இத்தனை விரலுக்கு இத்தனை ரூவான்னு ஒரு கணக்கு. வாங்கறவனுக்கும் விக்கறவனுக்கும்தான் வெலை தெரியும். பக்கத்துல நிக்கறவனுக்குத் துண்டு ஆடறது மட்டும்தான் தெரியும். அதுக்குள்ள கை விட்ட மொத பொம்பளை வேலாத்தாதான். மொத நாள் ஆம்பளைங்க எல்லாம் கூசிக்கிட்டு வெலகி நின்னாங்களாம். பொம்பளை விரலை எப்படிப் பிடிக்கறதுன்னு ஒருத்தன் நெளிஞ்சானாம். "வெக்கம் உனக்கா, உன் ஆட்டுக்கா? ஆட்டுக்குன்னா அதோட கண்ணைக் கட்டு, உனக்குன்னா வூட்டுக்குப் போ"ன்னு கேட்டாளாம் அவ. அவ்வளவுதான், கையை நீட்டிட்டான். அப்புறம் பதினாறு வருஷம், அந்தச் சந்தையில அவளை ஏமாத்தின ஆள் கெடையாது.

சந்தையில அவ ராணி. வூட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினா போதும், வயிறு குபுகுபுன்னு எரிய ஆரம்பிச்சுரும்.

ஏன் எரியுது? சுவத்துக்கு அந்தப் பக்கம் மரகதம் இருக்காளே, அதனாலதான்.

மரகதம் கோலம் போட்டா கோணாது. மரகதம் பால் காய்ச்சினா பொங்கி வழியாது. மரகதம் நட்ட முருங்கை சுவத்தைத் தாண்டி வேலாத்தா பக்கம் நெழல் மட்டும் போடும், காயெல்லாம் அந்தப் பக்கமே காய்க்கும். மாமியார்க்காரி சாகக் கெடந்தப்போ வேலாத்தாதான் சொம்பும் கையுமா தலைமாட்டுல நின்னா. கெழவி கண்ணைத் தொறந்து, "மூத்தவளைக் கூப்பிடு, அவ கையால ஒரு வாய் தண்ணி குடிக்கறேன்"னுச்சு. நிக்கறவ கையில சொம்பு இருக்கு கண்ணு. அந்தச் சொம்பை அவளே கொண்டுபோய் மரகதத்துக்கிட்டக் குடுக்க வேண்டியதாப் போச்சு. அன்னைக்குப் பிடிச்ச எரிச்சல், எந்தக் கம்மங்கஞ்சி குடிச்சும் ஆறல. போதாக்கொறைக்கு மரகதம் மூணாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. தன் பேரைத் தானே எழுதுவா.

ம்.

வெள்ளைக்காரன் மூட்டையக் கட்டிட்டுப் போயி நாலஞ்சு வருஷம் இருக்கும். நாட்டுக்கே பெரிய தேர்தல் வருதுன்னு பேச்சு. இந்த ஓட்டு இருக்கே, அது பொம்பளைக்குச் சும்மா வந்துரல. எத்தனையோ வருஷம் பட்டணத்துப் பொம்பளைங்க கூட்டம் போட்டாங்க, மனு எழுதினாங்க, தொரைமாருங்க வாசல்ல போயி நின்னாங்க. கேட்டுக் கேட்டு, மொதல்ல துளியூண்டு கெடைச்சுது. சொத்துக்கு வரி கட்டறவளா, போடு. படிச்சவளா, போடு. மத்தவளுங்க அடுப்பை ஊது. வேலாத்தா சின்னப் புள்ளையா இருக்கறப்போ ஊர்ப் பெரிய பண்ணைக்காரரு சம்சாரம் மட்டும் தெரை கட்டின வில்வண்டியில ஜல்ஜல்னு ஓட்டுப் போடப் போச்சு. வண்டிக்குப் பின்னாலயே ஓடிப் புழுதி தின்னுட்டு வந்தவ வேலாத்தா. இப்ப சட்டம் மாறிப்போச்சு. வயசு இருவத்தொண்ணு ஆகியிருந்தா எல்லாருக்கும் ஓட்டு. படிக்காதவளுக்கும் உண்டு, ஆடு மேய்க்கறவளுக்கும் உண்டு. ஆனா பட்டியல்ல பேர் இருக்கோணும். அங்கதான் வந்துச்சு வெனை.

பேர் எழுத ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் வூடு வூடா வந்தாரு. உச்சி வெய்யில், தலையில துண்டு, கக்கத்துல நோட்டு. மொதல்ல மரகதத்து வாசல். அவ மெதுவா வெளிய வந்து, "மரகதமுங்க"ன்னு சொல்லிட்டு, புருசன் பேரைச் சொல்லக் கூடாதில்ல, அதனால சிலேட்டுல எழுதிக் காட்டிட்டு உள்ள போயிட்டா. அந்தக் காலத்துல கட்டின புருசன் பேரைப் பொம்பளைங்க வாயால சொல்ல மாட்டாங்க கண்ணு. சொன்னா அவனுக்கு ஆயுசு கொறைஞ்சுரும்னு ஒரு பயம்.

அப்புறம் வேலாத்தா வாசல். வாத்தியார் பேர் கேட்டாரு. வேலாத்தாளுக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துருச்சு. தெருவுல போற ஆம்பளைக்கிட்ட எதுக்குப் பேர் சொல்றது? இன்னாரு சம்சாரம்னு எழுதுங்கன்னா. புருசன் பேரைப் பக்கத்து வூட்ல கேட்டுக்கச் சொன்னா. அப்படி எழுதினா மேல இருக்கறவங்க அடிச்சுருவாங்கம்மான்னு அவரு சொல்லிப் பாத்தாரு. இவ விடுவாளா?

"ஏன் அடிப்பாங்க? எங்களுக்குக் கல்யாணம் ஆகலையா? மேளம் கொட்டலையா? நீங்க வந்து சாப்பிடலையா?"

நெசமாவே அந்த வாத்தியார் அந்தக் கல்யாணத்துல சாப்பிட்டவருதான். "மாரப்பன் மனைவி"ன்னு எழுதிட்டுக் கெளம்பிட்டாரு. வேலாத்தாளுக்கு ஒரே குஷி. பேரம் ஜெயிச்ச குஷி. போதாததுக்கு மரகதம் தன் பேரைக் குடுத்துட்டான்னு தெரிஞ்சுது. அடியாத்தி, கேக்கணுமா? தண்ணிக் கெணத்தடியில நின்னுக்கிட்டு, "எங்க மூத்தவங்க பேரை இப்ப ஊரு ஊரா எடுத்துட்டுப் போறாங்க, நோட்டுல மடிச்சு"ன்னு இழுத்து இழுத்துச் சொன்னா. கேட்ட பொம்பளைங்க, நாமும் மானமா இருப்போம்னு, இன்னாரு சம்சாரம் இன்னாரு சம்சாரம்னே எழுத வெச்சாங்க. அவ பேச்சைக் கேட்டுப் பதினேழு பேரு. அவளோட பதினெட்டு.

தூங்கிட்டியா?

இல்ல... ம்.

அப்புறம் மாசம் பல போச்சு. ஒரு நாள் டம டம டமன்னு தமுக்கு. சாவடிச் சுவத்துல பட்டியல் ஒட்டியாச்சு. கணக்குப்பிள்ளை கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கறாரு. வேலாத்தா முன்னால போயி இடுப்புல கை வெச்சு நிக்கறா. "நூத்திப் பன்னெண்டு, மரகதம், கணவர் நாச்சிமுத்து"ன்னாரு. அடுத்தது நம்ம வூடுதான்னு வேலாத்தா முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டா. "நூத்திப் பதிமூணு, மாரப்பன். நூத்திப் பதினாலு, ராயப்பன்"னாரு. ராயப்பன் அடுத்த வூட்டுக்காரன்.

அவளைத் தாண்டிப் போயிருச்சு பட்டியல்.

கடைசி வரைக்கும் நின்னு கேட்டா. அவளும் இல்ல, அந்தப் பதினேழு பேரும் இல்ல. மரகதம் கூட்டத்துக்குப் பின்னால குடத்தோட நின்னா. சிரிக்கல. சிரிச்சிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். சிரிக்காம நின்னா பாரு, அதுதான் வேலாத்தாளுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஓட்டுன்னா என்ன, அதுல என்ன கெடைக்கும், அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. மரகதத்துக்கு இருக்குது, எனக்கு இல்ல. அது போதும் அவளுக்கு.

அப்போ மொதல்ல கணக்குப்பிள்ளையைப் பிடிச்சா. அவரு சொன்னாரு, மனைவிங்கறது பேர் இல்லைன்னு மேல அடிச்சுட்டாங்க, வர்ற வெள்ளிக்கெழமை தாலுக்கா ஆபீசுல அதிகாரி உக்காருவாரு, அதான் கடைசி நாளு. ஆனா சும்மா போனா ஆகாது. பட்டியல்ல பேர் இருக்கற ஒருத்தர் கூட வந்து, இவ எங்க ஊர்க்காரிதான்னு சொல்லிக் கையெழுத்துப் போடோணும். நீங்களே வாங்கன்னா. நான் சர்க்கார் ஆளு, வரக்கூடாதுன்னுட்டாரு. ஒண்ணு போச்சு.

அப்புறம் புருசங்கிட்டப் போனா. மாரப்பன் கட்டில்ல படுத்துக்கிட்டு வெத்தலை மென்னுக்கிட்டிருந்தான். "என் பேரே போதும்னு நீதானே எழுத வெச்சே? இப்ப என்ன? வூட்டுக்கு என் ஓட்டு ஒண்ணு இருக்குதில்ல"ன்னான்.

"நீ சோறு தின்னா எனக்கு வயிறு நெறையுமா?"ன்னு இவ கேட்டா. அவன் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான். மத்தப் பதினேழு ஆம்பளைங்களும் ஒருத்தன் விடாம இதையேதான் சொன்னாங்க. அன்னைக்குப் பதினெட்டு வூட்லயும் கொழம்புல உப்பு இல்ல. ரெண்டும் போச்சு.

மிச்சம் யாரு? பட்டியல்ல பேரும் இருந்து, கையெழுத்தும் தெரிஞ்சு, வூட்லயும் இருக்கற ஆளு?

...மரகதம்.

அதேதான். வேலாத்தாளுக்கு அந்தச் சுவரு மலையாட்டம் ஆயிருச்சு. மொத தடவை கொட்டாங்கச்சியை எடுத்துட்டுப் போயி, அடுப்புக்கு நெருப்பு வாங்கிட்டு வந்துட்டா. ரெண்டாந்தடவை போயி, எங்க செவலைக் கோழி இங்க வந்துச்சான்னு கேட்டுட்டு வந்துட்டா. செவலைக் கோழி அவ காலடியிலயே கெக்கெக்கெக்குன்னு மேயுது. மூணாந்தடவை வெறுங்கையோட போனா.

மரகதம் முறத்துல அரிசி பொடச்சுக்கிட்டே சொன்னா. "நெருப்புக்கு வந்தே, கோழிக்கு வந்தே. மூணாவது எதுக்கு?"

வேலாத்தா தலையை வேற பக்கம் வெச்சுக்கிட்டு விஷயத்தைச் சொன்னா. மரகதம் முறத்தைக் கீழ வெச்சா. சரக், சரக்னு இருந்த சத்தம் நின்னு போச்சு.

"வர்றேன். பதினெட்டு பேருக்கும் போடறேன். ஆனா ஒரு வெலை இருக்குது."

"என்ன வெலை?"

"வெள்ளிக்கெழமை சந்தை நாளு. என்னையக் கூட்டிட்டுப் போ. துண்டுக்குள்ள நானும் ஒரு தடவை கை விடோணும்."

வேலாத்தா வாயைப் பொளந்துட்டா. மரகதம் விடல. "நீ விடியறதுக்கு முந்தி ஆட்டை ஓட்டிட்டுப் போவே. மே மேன்னு அந்தச் சத்தம் தேய்ஞ்சு மறையற வரைக்கும் பாயில கெடந்து கேப்பேன். கோயிலும் கெணறும் தவிர இந்தக் கால் எங்க போச்சு? பதினாறு வருஷம்டி வேலாத்தா. வயிறு உனக்கு மட்டும்தான் எரியுதுன்னு நெனச்சியா?"

இதைக் கேட்டதும் கட்டிப் பிடிச்சு அழுதாளுங்கன்னு நெனைக்காதே கண்ணு. அதெல்லாம் இல்ல. இவ நம்மளப் பாத்துப் பொறாமைப்பட்டாளான்னு வேலாத்தாளுக்கு நெய் குடிச்ச மாதிரி இருந்துச்சு. அடுத்த நொடி பக்னு ஆயிருச்சு. அவகிட்ட இல்லாததா இவகிட்ட இருந்தது அந்தச் சந்தை ஒண்ணுதான். அதுலயும் பங்கா?

"பாக்கறதுன்னா பாத்துக்கோ. கை விடக் கூடாது"ன்னா.

"அப்ப நானும் தாலுக்கா ஆபீசைப் பாத்துட்டு வந்துடறேன். கையெழுத்துக் கூடாது"ன்னா மரகதம். மறுபடியும் முறம் சரக், சரக்.

வேலாத்தா தோத்த மொத பேரம் அதுதான்.

ம்...

வெள்ளிக்கெழமை பத்தொம்பது பொம்பளைங்க வரிசையாக் கெளம்பினாங்க. அந்தப் பதினேழு பேரும் வழியெல்லாம் வேலாத்தாளைத் திட்டிக்கிட்டேதான் வந்தாங்க. உன் வாயை நம்பி இப்படி வேகாத வெய்யில்ல நடக்கறோமேன்னு. சந்தையில ஜனக்கூட்டம், புழுதி, மே மே மே. மரகதம் கண்ணை விரிச்சு விரிச்சுப் பாக்கறா. வேலாத்தா ஒரு கெடா மீசைக்காரன்கிட்ட ஒரு வெள்ளாட்டைக் காட்டி, இவங்க வெலை கேக்கோணுமாம்னு வேண்டாவெறுப்பாச் சொன்னா. விரல் கணக்கை மட்டும் காதுல சொல்லிக் குடுத்தா. இவ கை நடுங்கும், மீசைக்காரன் மொட்டை அடிச்சு அனுப்புவான், பாத்துச் சிரிக்கலாம்னு உள்ளுக்குள்ள ஆசை.

துண்டு விழுந்துச்சு. மீசைக்காரன் விரலை அமுக்கினான். மரகதம் ஒண்ணுமே செய்யல. அவன் மறுபடி அமுக்கினான். இவ அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. வேலாத்தான்னா இந்நேரம் ஆட்டுக்குப் பல்லு போச்சு, காலு போச்சுன்னு ஊரைக் கூட்டியிருப்பா. இவ மூச்சு விடல. அவனுக்கு வேர்த்துருச்சு. தானா எறங்கினான், இன்னும் எறங்கினான். அப்புறம்தான் மரகதம் ஒரே ஒரு விரலை அமுக்கினா. முடிஞ்சுது. என்ன வெலைன்னு அவ காதுல சொன்னதும் வேலாத்தாளுக்கு மூஞ்சி கறுத்துப் போச்சு. அவ மனசுல வெச்சிருந்த வெலைக்கும் கீழ. வயித்துல குபுகுபு குபுகுபு. ஆட்டை ராயப்பன் பொண்டாட்டி பிடிச்சுக்கிட்டா, எல்லாரும் ஆபீசுக்கு நடந்தாங்க.

அந்த அதிகாரி ரொம்ப வேகமான ஆளு. மேசைமேல காயிதக் கட்டு, பக்கத்துல ஒரு குமாஸ்தா. பேர் என்னன்னாரு. வேலாத்தா நூறு ஆம்பளை நடுவுல சத்தம் போட்டு யாவாரம் பண்ணினவதான். ஆனா ஆட்டுக்காரி ஆட்டுக்காரின்னுதான் கூப்புடுவாங்க, ஒருத்தனும் அவ பேரைக் கேட்டதில்ல. "வேலாத்தாங்க"ன்னு சன்னமாச் சொன்னா. குமாஸ்தா எழுதிக்கிட்டான்.

"கணவர் பேர்?"

வேலாத்தா தரையைப் பாக்கறா. பின்னால பதினேழு பொம்பளைங்களும் தரையைப் பாக்கறாங்க. அதிகாரி கடிகாரத்தைப் பாத்தாரு. பேனாவை மூடினாரு. "பேர் சொல்ல முடியாதுன்னா காயிதத்தை எடுத்துட்டுப் போயிடுங்கம்மா. வெளிய இன்னும் நாலு ஊர் நிக்குது."

அப்போ மரகதம் ஒரு அடி முன்னால வந்தா. அண்ணன் பொண்டாட்டி கொழுந்தன் பேரைச் சொல்லலாம், அதுக்குத் தடை கெடையாது. "நான் சொல்றேனுங்க. மாரப்பன்."

எவ்வளவு அழகாச் சொன்னா தெரியுமா? நிறுத்தி, நெதானமா, திருத்தமா.

வேலாத்தா காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி இருந்துச்சு. கோலத்தை எடுத்துக்கிட்டா, முருங்கைக்காயை எடுத்துக்கிட்டா, மாமியார் குடிச்ச கடைசித் தண்ணியை எடுத்துக்கிட்டா, இப்ப சந்தையையும் எடுத்துக்கிட்டா. என் புருசன் பேரு. பதினாறு வருஷமா என் வாய்க்குள்ள பூட்டி வெச்ச பேரு. அதை இவ எடுத்து மேசைமேல வெக்கறாளா?

டமார்னு மேசையில ஒரு அறை. மைக்கூடு குதிச்சுச்சு.

"அவ சொன்னது செல்லாது. என் புருசன் பேரை நான்தான் சொல்லோணும். மாரப்பன். மாரப்பன், மாரப்பன், மாரப்பன். எழுதுங்க."

குமாஸ்தா ஒரு தடவைதான் எழுதினான். அதிகாரி குனிஞ்சுக்கிட்டாரு, சிரிச்சாரோ என்னவோ. பின்னால ஒருத்தி க்ளுக்னா. அப்புறம் அவ முன்னால வந்து தன் பேரையும் சொல்லி, கண்ணை மூடிக்கிட்டுத் தன் புருசன் பேரையும் சொன்னா. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. மடமடன்னு பதினேழு பேரும் போட்டு ஒடைச்சாங்க. அன்னைக்கு ஊர்ல பதினெட்டு ஆம்பளைக்கும் ஒரே நேரத்துல சோறு பொறை ஏறி, தண்ணி தண்ணின்னு தலையில தட்டிக்கிட்டாங்களாம். ஒருத்தனுக்கும் ஆயுசு கொறையல. மரகதம் பதினெட்டு காயிதத்துலயும் கையெழுத்துப் போட்டா. ஒவ்வொரு எழுத்தும் முத்து மாதிரி. அதைப் பாத்து வேலாத்தா பல்லைக் கடிச்சுக்கிட்டது தனிக் கதை.

கண்ணு?

...ம்.

தேர்தல் நாளும் வந்துச்சு. பொம்பளைங்களுக்குத் தனி வரிசை. வேலாத்தாளுக்கு அங்கயும் எரிச்சல். மரகதம் நூத்திப் பன்னெண்டு, இவ கடைசியாச் சேத்த பேரு, அதனால அறுநூத்துச் சொச்சம். சாக்கு கட்டி மறைச்ச எடம், உள்ளுக்குள்ள வரிசையா இரும்புப் பெட்டிங்க, பெட்டிக்கு ஒரு படம். விரல்ல மை வெச்சு, கையில சீட்டைக் குடுத்து, உள்ள போம்மான்னாங்க. மாரப்பன் காலையிலயே மூணு தடவை சொல்லி அனுப்பியிருந்தான், இந்தப் படம் போட்ட பெட்டியிலதான் போடோணும்னு. நாச்சிமுத்துவும் மரகதத்துக்கிட்டச் சொல்லியிருந்தான். உள்ள போனா அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. சுவத்துக்கு அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. அவ, அந்தப் பெட்டிங்க, கையில ஒரு சீட்டு. கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் சொருக்னு ஒண்ணுல போட்டுட்டு வந்துட்டா.

வூட்டுக்கு வந்ததும் மாரப்பன் வாசல்லயே பிடிச்சுக்கிட்டான். சொன்னதுலதான போட்டேன்னு கேட்டான். வேலாத்தா பேசாம கால் கழுவினா. அதட்டினான். சோறு போட்டா. கெஞ்சினான். கொழம்பு ஊத்தினா, உப்பு சரியா இருந்துச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்துவும் இதே பாட்டுத்தான் பாடிக்கிட்டிருந்தான், மரகதமும் இதே மாதிரி வாயைத் தொறக்கல. பொண்டாட்டிக்குத் தெரிஞ்சது தனக்குத் தெரியலன்னு, அந்த அண்ணன் தம்பி வயித்துல பிடிச்சுது பாரு ஒரு எரிச்சல், குபுகுபு குபுகுபுன்னு. வேலாத்தாளுக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு.

ரெண்டே நிமிஷந்தான். அப்புறம் அவ சோத்துக் கையைக்கூடக் கழுவாம சுவத்துக்கிட்ட ஓடினா.

"அக்கா, நீ எதுல போட்டே?"

"நீ மொதல்ல சொல்லு."

"நீதானே மூத்தவ. நீ சொல்லு."

"நீதானே கேட்டே. நீ சொல்லு."

இவ ஒரு கட்டு முருங்கைக்கீரை தர்றேன்னா. என் மரத்துக் கீரையை எனக்கே தர்றியான்னா அவ. ஒரு ஆட்டுக்குட்டி தர்றேன்னா இவ. ரெண்டு குடுத்தாலும் சொல்ல மாட்டேன்னா அவ. நாள் போச்சு, வருஷம் போச்சு, இவளுக்கும் பல்லு போச்சு, அவளுக்கும் பல்லு போச்சு, நடுவுல இருந்த சுவரும் ஒரு மழையில கரைஞ்சு போச்சு. அந்த ஒரு பேரம் மட்டும் கடைசி வரைக்கும் படியவே இல்ல.

அப்ப... யாருக்குத்தான் போட்டாங்க?

அதான் கண்ணு எனக்கும் தெரியல. எனக்கும் வயிறு எரியுது. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டாங்க, நானும் மூடிக்கறேன். நீ கண்ணை மூடிக்கோ.